மலை புகைந்த நாள்

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் கோம்பையில் பூமி ஆடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. சித்தி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பரணில் கவிழ்த்திருந்த பித்தளைப் பானைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. தெருவில் லாரி போகிறது என்று நினைத்தேன். அதற்குள் சித்தி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். பத்து எண்ணுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஓட்டிலிருந்து கொஞ்சம் தூசி விழுந்ததைத் தவிர வேறு சேதமில்லை.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை அல்ல. அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து அப்பா ஜெயமங்கலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவள். அப்பாவுக்கு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. மாதம் ஒருமுறைதான் இறங்கி வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் வந்து ஆறு மாதமாகியும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று வைத்திருந்தேன். அதைப் பற்றி அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பள்ளியில் டீச்சர் அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போலக் கரும்பலகையில் பூமியை வரைந்தார். மேலே மெல்லிய பாறை ஓடு. உள்ளே போகப் போகச் சூடு. அந்த ஓட்டில் விரிசல்கள் உண்டு. இரண்டு பக்கமும் நெருக்கும்போது பாறைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தாங்க முடியாமல் போகும்போது சட்டென்று நழுவும். அந்த உதறல் குளத்து அலை போல நாலாபக்கமும் ஓடும். நேற்று எங்கோ கொஞ்சமாக நழுவியிருக்கிறது, அதனால்தான் நம் வீடுகளில் பானை மட்டும் ஆடியது என்றார். உருகிய பாறைக்குழம்பு ஓட்டைப் பொத்துக்கொண்டு மேலே வரும் இடம்தான் எரிமலை. “நம்ம மலை அப்படியில்ல. பழைய கெட்டிப் பாறை. அது நெருப்புக் கக்காது” என்று முடித்தார்.

“பள்ளிக்கூடத்துல என்ன சொன்னாக?” என்று சாயங்காலம் சித்தி கேட்டாள். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. பாடப்புத்தகத்தில் இருந்த எரிமலைப் படத்தைக் காட்டினேன். வெங்காயம், விரிசல் எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன். கடைசியில் மட்டும் மாற்றினேன்.

“நம்ம மலையும் ஒருநா இப்பிடித்தான் வெடிக்குமாம். மொதல்ல பொகை வருமாம்.”

சித்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பொகைஞ்சு எம்புட்டு நேரத்துல நெருப்பு கீழ வரும்?”

“அரைமணி நேரம்” என்றேன். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் வாசற்கதவு ஓரத்தில் ஒரு துணிமூட்டை வந்து உட்கார்ந்தது. சித்தி வேலைக்கு நடுவே எழுந்துபோய் மலையைப் பார்த்துவிட்டு வருவாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தச் சிரிப்பும் சலித்து, நான் சொன்னதை நானே மறந்துபோனேன்.

கோடை பிறந்த பிறகு ஒருநாள், கணக்கு வகுப்பு நடக்கையில் வாசலில் சித்தி வந்து நின்றாள். காலில் செருப்பில்லை. இடுப்பில் அந்த மூட்டை. மூச்சு வாங்கியது.

“மலை பொகையுது டீச்சர். எம் புள்ளைய அனுப்புங்க.”

வகுப்பே சிரித்தது. எனக்குத் தலையைப் பெஞ்சுக்குள் நுழைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு டீச்சர் சொன்னார்: “அது காஞ்ச புல்லுல பிடிச்ச தீம்மா. மலை வெடிக்காது. யாரு உங்ககிட்ட அப்படிச் சொன்னது?”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

“தெருவுல பேசிக்கிட்டாக” என்றாள்.

எத்தனையோ பேர் எனக்காக எத்தனையோ செய்திருக்கிறார்கள். ஆனால், நாற்பது பிள்ளைகள் சிரிக்கும்போது தன்னை விவரமில்லாதவளாக்கிக்கொண்டு அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

டீச்சர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தார்ச்சாலை கொதித்தது, சித்தி ஓரத்து மண்ணில் நடந்தாள்.

“டீச்சர் அன்னைக்கே வெடிக்காதுன்னுதான் சொன்னாக. நாந்தான் மாத்திச் சொன்னேன்” என்றேன்.

“எங்கூரு மலையிலயும் புல்லு எரியும். ஆனா, படிக்கிற புள்ள நீ சொன்னியேன்னுதான்...” என்று நிறுத்தினாள். பிறகு, “சரி ஆத்தா. வெடிக்கலைன்னா நமக்கு நல்லதுதான” என்றாள்.

வீட்டில் மூட்டையை அவிழ்த்தாள். என் பாவாடை சட்டைகள், என் பிறப்புச் சான்றிதழ், எனக்கு இருமல் வந்தால் கொடுக்கும் மருந்துப் புட்டி, ஒரு பொட்டலம் பொரிகடலை. எல்லாவற்றுக்கும் மேலே, புறப்படும் அவசரத்தில் சுவரிலிருந்து கழற்றிய என் அம்மாவின் போட்டோ. அதை முந்தானையால் துடைத்து மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

“ஒஞ் சேலை ஒன்னுகூட இல்லையே சித்தி?” என்று கேட்டேன்.

“மறந்துட்டேன்” என்றாள்.

பாவம், சித்திக்கு ஞாபகமறதி அதிகம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.