புளி பட்ட ஐந்து டாலர்

1967 ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.10-க்கு மதுரையில் பஸ் ஏறினேன். காரைக்குடிக்குக் கட்டணம் இரண்டரை ரூபாய். பையில் பூதக்கண்ணாடி, பஞ்சு, வெள்ளைக் கையுறை. கையுறையைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர் என்னை மாட்டு வைத்தியராக்கி, திருப்பத்தூர் வரை தன் பசுவின் வயிற்றுக் கோளாற்றை விவரித்தார்.

நான் போனது ஒரு காசைப் பார்க்க. அமெரிக்காவின் பழைய ஐந்து டாலர் தங்கக் காசு, அதிலும் பிரூஃப். புழக்கத்துக்கு விடாமல், மெருகேற்றிய அச்சில் விரல்விட்டு எண்ணும்படி அடித்தவை. பரப்பு நிலைக்கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் விரல் ரேகை பட்டாலே எங்களைப் போன்ற சேகரிப்புப் பைத்தியங்களுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

10.30-க்கு காரைக்குடியை அடுத்த நேமத்தான்பட்டி. வீட்டுக்காரர் வள்ளியப்பச் செட்டியார் வாசலுக்கே வந்தார். அவருடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், பர்மாவில் மோல்மீனில் வட்டிக்கடை வைத்திருந்தபோது ஒரு அமெரிக்கர் அடகு வைத்து, மீட்காமல் போன காசு அது.

"வெயில்ல வாரீக, மோர் குடிங்க. காசு வந்துரும். எங்க வீட்டு ஆச்சி பின்கட்டுல தேச்சுக்கிட்டு இருக்காக."

"எதைத் தேய்க்கிறாங்க?"

"காசைத்தான். புளியும் செங்கப்பொடியும் போட்டு. 'முகம் தெரியுற மாதிரி பளபளன்னு இருக்கா'ன்னு கடுதாசியில கேட்டிருந்தீகள்ல? மங்கலாக் காட்டி விருந்தாளிய அனுப்பலாமா?"

மோர்ச் செம்பை உருட்டிவிட்டு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் போட்ட கூச்சலில் சமையற்காரர் தீப்பிடித்ததென்று தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

கழுகு இருந்த பக்கம் முடிந்துவிட்டது. கீறல், கீறல், கீறல். பெண் தலை இருந்த பக்கம் மட்டும் லேசாகப் பழுப்பேறி, அடியில் கண்ணாடி குலையாமல் தப்பியிருந்தது.

"செங்கப்பொடி போட யாரு ஆச்சி சொன்னது?" குரல் எனக்கே நாராசமாகக் கேட்டது.

"நீங்கதான். படிச்சவுக எழுதியிருக்கீகன்னு மெனக்கெட்டேன். குத்துவிளக்கைக்கூட இம்புட்டு தேச்சதில்ல."

விலைக்குக் கேட்டேன். அப்பச்சி காசை விற்பதில்லையாம். மறுபக்கத்தையாவது விட்டுவிடும்படி கெஞ்சினேன்.

"பாதி முகம் கழுவுன மாதிரி இருக்காதா?"

"இருக்கட்டும் ஆச்சி."

"சரி, உங்களுக்காக."

சாப்பாட்டில் கோபத்தோடு இரண்டு தடவை ரசம் வாங்கினேன். கோபம் அந்தக் கடிதத்தை எழுதிய மடையன் மேல். மதுரையில் என் காசுகளைப் பஞ்சில் பொதிந்து பூட்டி, பெண்டாட்டிக்குக்கூடக் காட்டாதவன் அவன். இங்கே முன்பின் தெரியாதவனுக்காகக் காலையெல்லாம் கை நோகத் தேய்த்திருக்கிறார்கள். இவர்களைத் திட்டவும் வழியில்லை. அது இன்னும் எரிச்சல்.

படியிறங்கும்போது உள்ளே ஆச்சியின் குரல் கேட்டது: "அவுக பஸ் ஏறட்டும். அப்புறம் புளிய எடு."

காரைக்குடி பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.