மஞ்சளை விழுங்கிய கண்ணாடி

பீளமேட்டில் கல்யாண வீடுகளுக்கு விளக்குக் கட்டும் கோவிந்தராஜுலுவுக்கு வெளிச்சத்தின் மேல் இருந்த மோகம் வேறெதன் மேலும் இருந்ததில்லை. 1961இல் சென்னைக்குப் போனவர், பல்பை மூடும் வெளிநாட்டுக் கண்ணாடி டூம் ஒன்றை வாங்கி, பஞ்சில் பொதிந்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். சாதா பல்பின் மேல் மாட்டினால் இளஞ்சிவப்பில் ஊதா கலந்தது போல ஒரு வெளிச்சம். கல்லூரியில் பௌதிகம் நடத்துபவரிடம் காட்டினார். கண்ணாடியில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் கலந்திருக்கிறது, அது வெளிச்சத்திலுள்ள மஞ்சளை மட்டும் விழுங்கிவிடும், அதனால் சிவப்பும் பச்சையும் தூக்கலாகத் தெரியும் என்றார் அவர். கோவிந்தராஜுலு அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டார்.

மில் முதலாளி வெங்கடபதியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. முந்தின நாள் மாலை வரவேற்புக்கு, ஊரில் யாரும் பார்க்காத வெளிச்சம் வேண்டும் என்றார் முதலாளி. டூம் மேடைக்கு நேர் மேலே தொங்கியது. அரக்குப் பட்டு தணலாய் ஜொலித்தது. மாப்பிள்ளையின் கன்னம் ரோஜாவாய்ச் சிவந்தது. பெண்ணின் நகைகள் மட்டும் மஞ்சள் செத்து, செம்பு போலக் கிடந்தன.

மாப்பிள்ளையின் தாயார் ராமாமணி வந்து ஆரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். பெண்ணின் தாயார் பங்காரம்மாவிடம் குரலை உயர்த்தாமல் கேட்டார்:

“ஏனுங்க சம்பந்தி, இது தங்கந்தானுங்களா?”

பந்தியில் பாதிப் பேர் கை கழுவாமலே எழுந்து வந்துவிட்டார்கள். உரைகல்லோடு ஆசாரி வந்தார். உரசினார். கல்லில் விழுந்த கோடும் அந்த வெளிச்சத்தில் சிவப்பாகவே தெரிய, மறுபடியும் உரசினார். கோவிந்தராஜுலு முன்னால் வந்து நியோடிமியம் என்று ஆரம்பித்தார். அது எந்த ஊர் நகைக்கடை என்று கேட்டார் ராமாமணியின் தம்பி.

கோவிந்தராஜுலு ஏணியில் ஏறி டூமைக் கழற்றினார். தங்கம் தங்கமாய் மின்னியது. ராமாமணி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளையின் கன்னத்து ரோஜாவும் காணாமல் போயிருந்தது. வெளுத்துப்போன, கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்த, பெண்ணைவிட ஒரு மாமாங்கம் மூத்த முகம் ஒன்று மாலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

பங்காரம்மா ஆசாரியின் பக்கம் திரும்பினார்.

“கல்லு கையிலதான இருக்குதுங்க? மாப்பிள்ளையையும் ஒருக்கா ஒரசிப் பாத்துப்போடுங்க.”

சிரிக்கலாமா கூடாதா என்று சபை வெங்கடபதியின் முகத்தைப் பார்த்தது. ராமாமணியே கோவிந்தராஜுலுவைக் கூப்பிட்டு, டூமை மறுபடி மாட்டிவிடச் சொன்னார். நகைமேல் சந்தேகம் தீர்ந்துவிட்டதாம். இனி அது எந்த நிறத்தில் தெரிந்தால் என்ன என்றார். மறுநாள் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது.

அப்புறம் அவிநாசி வரைக்கும் கோவிந்தராஜுலுவின் பெயர் பரவியது. வயது முற்றிய மாப்பிள்ளைகள் டூம் என்றைக்குக் கிடைக்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான், முகூர்த்தம் குறிக்க ஜோசியரிடம் போனார்கள்.