மணமகளின் தந்தை உயிரோடு இருக்கிறார்

ஸ்கூடாயில் நான் வேலை பார்த்த கடையிலிருந்து கிளம்பி இருபது நிமிடம் நடந்த பிறகுதான் லேப்டாப் சார்ஜரை மேசையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. முதுகில் பை, தலைக்கு மேல் வெயில், பக்கத்தில் நகராமல் நிற்கும் கார் வரிசை. இதற்கு முன் பார்த்த வேலைகளிலிருந்தும் இப்படித்தான் நடந்து வெளியேறியிருக்கிறேன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை, சிங்கப்பூரில் கார் கழுவும் இடம், நடுவில் கொஞ்ச காலம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியது. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கு முழுக்குப் போட்டவனுக்கு வேலை கிடைப்பதும் சுலபம், போவதும் சுலபம்.

இந்த முறை ஒரு வித்தியாசம். நான் செய்த பிழையால் ஒரு பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போகும் நிலையில் இருந்தது.

கடை கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. இப்போது காகிதத்தில் அடிப்பவர்கள் குறைவு. ஒரு இணையப் பக்கம் செய்து, லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களைச் செய்வதுதான் என் வேலை. தொழிற்சாலை ஹாஸ்டலில் இருந்தபோது வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிதாக எழுத வேண்டியதில்லை. பெயர், மண்டபம், நேரம் வர வேண்டிய இடங்களை வெற்றிடமாக விட்டு ஒரே ஒரு டெம்ப்ளேட் எழுதுவேன். புரோகிராம் அதை ஒரு தடவை கம்பைல் செய்து, அதாவது கணினிக்குப் புரியும்படி மாற்றி, வைத்துக்கொள்ளும். பிறகு எந்த வீட்டார் படிவத்தை நிரப்பி அனுப்பினாலும், அந்த விவரங்களை வெற்றிடங்களில் போட்டு ஒரு நொடியில் முழுப் பக்கத்தைக் கொடுத்துவிடும். அச்சில் மாவை அழுத்துவது போலத்தான். அச்சு சரியாக இருந்தால் எல்லாம் சரி.

நம் பத்திரிகைகளில் பெற்றோர் காலமாகியிருந்தால் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட வேண்டும். முன்பு படிவத்தில் அதற்கு ஒரு சிறு கட்டம் இருந்தது. இறந்திருந்தால் மட்டும் அதில் எதையாவது நிரப்புவார்கள். கட்டம் காலியாக இல்லாவிட்டால் ‘அமரர்’ போடு என்று டெம்ப்ளேட்டில் எழுதியிருந்தேன். போன வாரம் முதலாளி, “கட்டம் யாருக்கும் புரியல லா, கேள்வியா மாத்து” என்றார். முதலில் மணமகளின் தந்தைக்கான கட்டத்தை மட்டும் மாற்றினேன். ‘மணமகளின் தந்தை காலமாகிவிட்டாரா? ஆம், இல்லை.’ படிவத்தை மாற்றியவன் டெம்ப்ளேட்டைத் தொடவில்லை. பழைய குடும்பங்களின் விவரத்தைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அவற்றில் கட்டம் காலியாக இருந்தது.

புதிய படிவத்தை முதலில் நிரப்பியவர் பண்டார் தெங்காராவில் ஒரு மணப்பெண். தந்தை பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் கொடுத்தார். ‘இல்லை’ என்பதும் ஒரு சொல், கட்டம் காலியாக இல்லை. பெண்ணின் தந்தை அமரர் ஆனார். பெண் அவசரத்தில் பக்கத்தைப் படிக்காமலேயே இருநூறு பேருக்கு அனுப்பிவிட்டார்.

அன்று காலை தகவல் வந்ததும் திருத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் ‘ஆம்’ என்றால் மட்டும் போடு என்று ஒரு வரியை மாற்றி, மறுபடி கம்பைல் செய்தேன். லிங்க்கைத் திறந்தவர்களுக்குச் சரியான பக்கம் வந்தது. ஆனால் அதற்குள் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியவர்களின் கைப்பேசிகளை நான் என்ன செய்ய முடியும்? முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, “நீ கொஞ்ச நாளைக்குக் கடைப் பக்கம் வராத” என்றார். கொஞ்ச நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. பக்கத்தின் அடியில் உதவிக்கென்று என் எண்ணைத்தான் போட்டிருந்தோம்.

“ஹலோ, யாரு?”

“அமரர் பேசுறேன்.”

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து எண்ணைப் பார்த்தேன்.

“பயப்படாத தம்பி. பேய் போன் பண்ணாது, கிரெடிட் போடணும்ல. நீதானே இதப் பண்ணது?”

“ஆமா அங்கிள். மன்னிச்சிருங்க.”

“மன்னிப்பு அப்புறம். வீட்டுக்கு வா. என் பொண்ணு காலையிலேர்ந்து சாப்பிடல.”

அழைப்பைத் துண்டித்துவிட்டு வேறு ஊருக்கு ஏறியிருக்கலாம். அதுதான் என் வழக்கம். ஏன் பண்டார் தெங்காரா போகும் வழியிலிருக்கும் கூலாய்க்குப் பேருந்து ஏறினேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கூலாயிலிருந்து ஓர் உர லோரிக்காரர் ஏற்றிக்கொண்டார். படிவத்தில் இருந்த முகவரிக்குப் போய்ச் சேரும்போது மாலை நான்கு மணி.

பெண்ணின் தந்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள், கறுப்புக் கண்ணாடி. தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றே அங்கு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அவர் மனைவி தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நடந்ததை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ உன் கம்ப்யூட்டர் கேள்வி கேக்குது, பதில் என்னன்னு பாக்கல. பதில் வந்துச்சா, அது போதும்?”

“ஆமா அங்கிள்.”

“அட, அலமாக்! எங்க தவுக்கே மாதிரியே இருக்கு, முதலாளின்னாலே இப்படித்தான்.”

உள்ளே யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்ட சத்தம் கேட்டது. மகள்தான்.

மாப்பிள்ளை வீட்டில் முடிவு சொல்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். பத்திரிகையிலேயே இப்படி வந்தது நல்லதற்கில்லை, தேதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

“அவர் மேல தப்பில்ல. தட்டு, வெத்தலை, பாக்கோட நான் நேர்ல போயி அழைச்சிருக்கணும். கண்ணு சரியில்ல, லிங்க் போதும்னு விட்டுட்டோம். போயிருந்தா நான் இருக்கேனா இல்லையான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “உனக்குக் கார் லைசென்ஸ் இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கு ரெண்டு வாரத்துக்கு ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. நெருங்கின சொந்தம் மட்டும் நாப்பது வீடு, எல்லாத்துக்கும் நேர்ல போகணும். தினச் சம்பளம் தரேன், சாப்பாடு இங்கேயே. வர்றியா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, மடியில் தட்டோடு முன் இருக்கையில் உட்கார்ந்தார். வழி முழுக்க, “மெதுவா போ, என்னை ரெண்டாவது தடவ கொன்னுடாத” என்றார்.

ஆயர் ஈத்தாமில் பெரியப்பா கேட்டைத் திறந்தார். இவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு எதுக்குங்க இவ்வளவு தூரம்?”

“உயிரோட இருக்கேன்னு சொல்ல ஆள் அனுப்ப முடியாதே சம்பந்தி.”

பெரியப்பா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காப்பி வரவழைத்து, எங்களோடு உட்கார்ந்து குடித்தார். பிறகு காலண்டரைப் பார்த்து, “அதே தேதிதானே?” என்றார். “அதே தேதிதான்” என்றார் இவர்.

வெளியே வந்து காரில் ஏறியதும் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். பிறகு பட்டியலில் அடுத்ததாக இருந்த வீட்டின் முகவரியை என்னிடம் படிக்கக் கொடுத்தார்.