சோடாக் கடை மூடியிருந்த நாள்

எங்கள் ஊரில் நெஞ்சு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாக் கோளாறையும் சமாளித்துவிடுவோம். புளித்த ஏப்பம் வந்தாலும் நெஞ்சு, மூச்சு அடைத்தாலும் நெஞ்சு, பாகப்பிரிவினையில் தம்பி ஏமாற்றினாலும் எரிவது நெஞ்சுதான். நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பாவை அந்தச் சொல் கொன்றே இருக்கும்.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. அறுபதுகளில் நானும் அவரோடு அதில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வெயிலில் விறுவிறுவென்று திரும்புவார். பாதி வழியில் நெஞ்சைப் பிடிக்கும். அங்கே ஒரு சோடாக் கடை. நின்று நிதானமாகக் குடித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஏப்பம் விடுவார். வலி போய்விடும்.

"வாயுதான், வேற இன்னா?" என்பார். கடைத்தெரு முழுக்க ஆமாம் போட்டது. அம்மா உருளைக்கிழங்கை நிறுத்தினாள், பெருங்காயத்தைக் கூட்டினாள். வலி மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் சோடாக்காரர் வீட்டில் கல்யாணம், கடை மூடியிருந்தது. நைனா அந்தக் கடைப் பலகையில் சற்று உட்கார்ந்துவிட்டு வந்தார். ராத்திரி கடையடைத்து வீட்டுக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னார்: "இன்னிக்கு சோடாவே வேணாம்னுட்டுது. சும்மா குந்தினேன், தானா போயிடுச்சு."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஏப்பம் வந்துச்சாங்க?"

"இல்ல."

"அப்ப இத்தினி நாளும் சோடாவா வலிய நிறுத்துச்சு? நீங்க நின்னதுதான் நிறுத்துச்சு. எனக்கு பயமா இருக்குதுங்க."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஊரே நம்பிக்கொண்டிருந்தது. காக்கையையும் பழத்தையும் பிரித்துப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். இன்றுவரை எனக்கு அது ஆச்சரியம்.

மறுநாள் காலை மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, நைனாவை விட்டு அம்மாவைப் பார்த்தே பேசினார். "கோளாறு வயித்துல இல்லம்மா, இருதயத்துல. உடம்பு பூரா ரத்தம் அனுப்புற இருதயத்துக்கும் ரத்தம் வேணும். அதுக்குப் போற குழாய் இவருக்குச் சுருங்கியிருக்கு. சாப்பிட்டதும் செரிக்கிறதுக்கு வயிறு நிறைய ரத்தம் கேக்கும். அப்ப வேகமா நடந்தா காலும் கேக்கும். ரெண்டுக்கும் அடிச்சு அடிச்சு அனுப்புது. தனக்குத்தான் பத்தல."

எனக்கு மெய்சிலிர்த்தது. கருவில் தொடங்கிய வேலை. அமாவாசைக்குக்கூடக் கடையடைப்பு கிடையாது. எல்லோருக்கும் படியளந்துவிட்டுத் தான் அரைப்பட்டினி கிடக்கிறது. தாங்க முடியாதபோது மட்டும், கொஞ்சம் நில் என்று வலியால் சொல்லியிருக்கிறது.

நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டைக் குறைக்கவும், சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் உட்காரவும் சொன்னார்.

நைனா மேலும் பல வருஷம் இருந்தார். மதியத்தில் கடையை நான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் எதையோ எடுக்க வீட்டுக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே நைனா ஏதோ சொல்ல, அம்மா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் சேர்ந்து உட்கார அவர்களுக்கு நேரம் கிடைத்ததே இல்லை. வந்த வேலையை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினேன்.