நான் படிக்காமல் விட்ட இரண்டு வரி

எங்கள் மாமா மூன்று முறை சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். மூன்று முறையும் டெபாசிட் போனது. ஆரணியில் இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் சிரிப்பதற்குச் சிலர் இருக்கிறார்கள். இரண்டாவது முறை அவருக்காக மைக் பிடித்தவள் நான். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. அம்மாவின் தம்பியான மாமா எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறையில் சேர்ந்தவர். செய்தித்தாளை எங்கும் தடுமாறாமல் வாசிக்க எங்கள் வீட்டில் என்னால் மட்டும்தான் முடியும். அந்தப் பெருமையை மறைத்துக்கொள்ளவும் நான் கற்றிருக்கவில்லை.

மாமா வேலையை விட்டதற்குக் காரணம் ஒரு தீ விபத்து. அது நடந்தபோது நான் சிறு பிள்ளை. பல விஷயங்கள் பின்னால்தான் எனக்குத் தெரிந்தன. எங்களுடையது பட்டு நெசவுக் குடும்பம். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவை, அதாவது நீளவாக்குப் பட்டு இழைகளை, தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிவார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும். அதுவரை தெரு பாவுக்குச் சொந்தம். கல்யாண ஊர்வலமானாலும் பிணமானாலும் சுற்றிக்கொண்டுதான் போகும். எங்கள் சந்து குறுகல் என்பதால், எங்கள் பாவைப் பக்கத்துத் தெருவில்தான் போடுவோம்.

அப்படி எங்கள் பாவு நீண்டு கிடந்த ஒரு காலையில், அந்தத் தெருவின் கடைசி வீட்டில் ஸ்டவ் வெடித்தது. தீயணைப்பு வண்டி வந்தது. பாவின் முன்னால் நின்றது. ஆட்கள் ஒரு முனையை அவிழ்த்துச் சுருட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தது. அந்த வீட்டு அம்மா பிழைக்கவில்லை. மறுநாள் அவருடைய பாடை போனபோது தெருவில் யாரும் பாவு போட்டிருக்கவில்லை.

வண்டியை நிறுத்தியது வெளியூர்க்கார டிரைவர் என்று ஊர் முடிவு செய்தது. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வண்டியில் இருந்த மாமா அடுத்த வருடம் வேலையை விட்டார். அதற்கு அடுத்த தேர்தலிலேயே நின்றார்.

அவருடைய நோட்டீஸில் எப்போதும் ஒரே கோரிக்கைகள்தாம். நெசவாளர் தெருக்களுக்குத் தனித் தீயணைப்பு வண்டி வேண்டும். பாவு போட ஊருக்கு வெளியே அரசாங்கம் ஒரு திடல் தர வேண்டும். இதற்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? இரண்டாவது முறை அவர் வாளிச் சின்னம் கேட்டார். கிடைத்தது சீப்பு. மாமாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.

"மொட்டத் தலைக்கு இன்னாத்துக்குபா சீப்பு? எங்களுக்கு வாரி உடவா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"ஜெயிச்சா முடி மொளைக்குதான்னு பாக்கலாம்ணா" என்று மாமாவும் சிரித்தார்.

ஆட்டோவில் மூன்று நாள் சுற்றினோம். நான் நோட்டீஸைப் படிப்பேன், மாமா கும்பிடுவார். என் குரல் ஒலிபெருக்கியில் தெருவை நிறைத்துத் திரும்பி வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான்காம் நாள் காலை, தீ விபத்து நடந்த அந்தத் தெருவுக்குள் நுழைவதற்கு முன் மாமா ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னார். ஒரு நோட்டீஸைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தது.

'அன்று வண்டி நின்றது டிரைவரால் இல்லை. பாவைச் சுருட்டும்வரை நிற்கட்டும் என்று சொன்னவன் நான்தான்.'

"எல்லாம் படிச்சிட்டு கடசியா இத படி கண்ணு. நான் ரெண்டு தபா அவரு வூட்டு வாசல் வரிக்கும் பூட்டு வந்துட்டன். வாய் வர்ல. அவரு காதுல இது உழணும். அதான் வேணும்."

அவர் என்றால் தீ விபத்தில் இறந்துபோன அந்தக் கடைசி வீட்டு அம்மாவின் கணவர். நாங்கள் போனபோது தெருவில் யாருடைய பாவோ கிடந்தது. அவர் குனிந்து, அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார். ஆட்டோ பாவுக்கு இப்பால் நின்றது. நான் படிக்க ஆரம்பித்தேன். அவர் நிமிரவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. மற்றவர்களும் வேலையை விட்டுக் கேட்டார்கள். மூன்று நாளில் இத்தனை பேர் எங்களைக் கேட்டதே இல்லை. இவ்வளவு ஓட்டும் நமக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

தாளைத் திருப்பினேன். அந்த வரிகளைக் கண்ணால் படித்தேன். இதைச் சொன்னால் ஒரு ஓட்டும் விழாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாமாவுக்குத் தேர்தல் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். "மறவாதீர்கள், சீப்புச் சின்னம்!" என்று உரக்கச் சொல்லி மைக்கை அணைத்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கித் தானே திருகினார். அது கீச்சென்று கத்தியது. "சீப்பு..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

அவர் இப்போது நிமிர்ந்தார். மாமாவின் முகத்தையே பார்த்தபடி கேட்டார்: "அவ்ளோ தானா தம்பி?"

"அவ்ளோ தாங்ணா."

அவர் மறுபடியும் இழையின் மேல் குனிந்தார். ஆட்டோ திரும்பியது. மார்க்கெட் வந்ததும் மாமா நோட்டீஸ் கட்டைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். பிறகு, "ஏன் கண்ணு உட்ட?" என்றார்.

"படிச்சா ஓட்டு பூடும் மாமா."

"ஓட்டா" என்றார். அவ்வளவுதான்.

எண்ணிக்கை நாளில் நான்தான் அழுதேன். மாமா வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தேர்தல் வந்தபோது நான் வேலூரில் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அதற்கு முந்தின வருடமே அந்த மனிதர் இறந்துவிட்டார். மாமா மைக் இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போய், பூட்டியிருந்த அவருடைய வீட்டின் முன் நின்று, அந்த இரண்டு வரியையும் தன் வாயால் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "இத போன எலெக்‌ஷன்ல சொல்றதுக்கு இன்னா? பாவம், மனுசன் இருந்தாரே" என்றாராம். அதை எனக்கு ஃபோனில் சொன்ன அம்மா, சட்டென்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மாமா எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

அந்த நான்காம் நாள் சாயங்காலத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. முந்தின இரவு மாமாவுக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டை நடந்திருந்தது. எதற்கென்று எனக்குத் தெரியாது; 'அது நம்ம பாவு' என்று அப்பா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா தறிக்குழியில் இறங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் வைத்த கூழ் அப்படியே இருந்தது.

"மாமா எழுதிக் குடுத்தாரே, அத்த படிச்சியா?"

"அது மட்டும் உட்டுட்டன்பா. நானேதான் உட்டன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு மைப்பேனா இருந்தது, தங்க நிற மூடி போட்டது. அதுவரை நான் கேட்காமல் எனக்கு அவர் எதுவும் வாங்கித் தந்ததில்லை. என் தலையில் கை வைத்தார்.

மைக்கில் திக்காமல் படித்ததற்கு எங்கப்பா தந்த பரிசு என்று, மறுநாள் வகுப்பு முழுக்க அந்தப் பேனாவைக் காட்டினேன்.