ஐப்பசியில் பூட்டிய வீடு

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், மலையின் மருத்துவக் குழுக்களுக்குப் பொறுப்பாக வந்த மேடம் விரித்த வெள்ளைத் துணி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டில் அகலத் துணி. எங்கள் மலையூரின் தெருக்களை நீல மையில் கோடு இழுத்து, வீட்டுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார். வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. பிரசவம், குழந்தைக்கு ஊசி, சர்க்கரை மாத்திரை என்று எத்தனை தேவையோ அத்தனை கொட்டையை அவரவர் கட்டத்தில் வைக்க வேண்டும். சித்திரை மாதம், காட்டில் வேலை இல்லை, ஊரே வந்திருந்தது. ஒரு கிழவி கொட்டையைக் குலுக்கிக்கொண்டு, "எனக்கு நோவே எம் மருமவதாம்மா. அவளுக்கு எந்தக் கட்டம்?" என்றாள். மருமகளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மருத்துவ ஜீப் ஓட்டுகிறேன். மேடம் வருவதற்கு முன்னால் மலையில் மூன்று குழு இருந்தது. ஊசிக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. மூன்றும் மூன்று நாளில் வரும். ஒரே வீட்டுக்காரி மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டும். மேடம் வேலூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். "ஜனங்களுக்கு இன்னா வேணுமோ அதப் பாத்துதான் ஆளப் போடணும். ஆளு இருக்குதுன்னு வேல போடக் கூடாது" என்பார். ஊர் ஊராக விரித்த துணியில் விழுந்த கொட்டைகளைப் பார்த்து மூன்று குழுவையும் கலைத்தார். கிழக்கு, மேற்கு என்று இரண்டு குழு வைத்தார். எல்லா வேலையும் தெரிந்த ஆட்கள் இரண்டிலும் இருந்தார்கள். நல்ல ஏற்பாடு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

எனக்கு மட்டும் அவர் கொட்டை தரவில்லை. அப்போது என் மனைவிக்கு மூன்றாம் மாதம். வாந்தி எடுத்துப் படுத்திருந்தாள், வரவில்லை. நான் ஜீப் பக்கத்தில் நின்றேன். "டிரைவரண்ணா நம்ம ஆளு. அவரு வூடு எனக்குத் தெரியாதா" என்று சொல்லி, ஒரு கொட்டையை எடுத்து அவரே என் கட்டத்தில் வைத்தார்.

சாமை முற்றும்போது பன்றி இறங்கும். ஐப்பசி பிறந்தால் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, பயிருக்குக் காவலாக மலைச்சரிவுக் கொல்லையில் இருக்கும் குடிசைக்குப் போய்விடுவோம். அறுப்பு முடியும் வரை சமையல், படுக்கை எல்லாம் அங்கேதான். ஆனால் வீடு எங்கே என்று யார் கேட்டாலும் ஊரில் இருக்கும் வீட்டைத்தான் காட்டுவோம். குடிசையை யாரும் வீடு என்று சொல்வதில்லை. அன்றைக்குத் துணியில் கொட்டை வைத்தவர்களும் அப்படித்தான் வைத்தார்கள். ஐப்பசியில் இந்தக் கட்டங்களில் ஆள் இருக்காதே என்று அப்போதே எனக்குத் தோன்றியது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை எனக்குக் கிழக்குப் பக்கம் வேலை. எங்கள் ஊர் மேற்குக் குழுவில். அவர்கள் ஜீப் காலையிலேயே சரியாக என் வாசலுக்கு வந்திருக்கிறது. வீடு பூட்டியிருந்தது. தெருவே பூட்டியிருந்தது. நர்சம்மா புதியவர். விசாரிக்க ஆள் இல்லாமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, நோட்டில் 'வீடு பூட்டியுள்ளது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதே காலையில்தான் கொல்லையில் என் மனைவிக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது, யாரும் எதிர்பார்க்கவில்லை. போன் அங்கே எடுக்காது. என் அண்ணி ஊருக்கு ஓடி வந்தபோது ரோட்டில் ஜீப்பின் தடம்தான் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆண் குழந்தை. அழவே இல்லையாம். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு" என்றேன்.



மூன்றாம் நாள் மேடம் கொல்லைக்கே நடந்து வந்தார். வரப்பில் உட்கார்ந்தார். செருப்பெல்லாம் சேறு. 

"ஏண்ணா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கல மேடம்."

"ஆமா. நம்ம ஆளுதானன்னு வுட்டுட்டேன்" என்றார்.

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

அடுத்த மாதமே புதுத் துணி விரித்தார். முதலில் டிரைவர்களையும் நர்சுகளையும் உட்காரவைத்துக் கையில் கொட்டை கொடுத்தார். எந்த வீடு என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த மாதம் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். எந்தக் கொல்லைக்கு எந்த வழி என்று நான் சொன்னேன். அன்றைக்குப் பேசிய அளவுக்கு நான் எங்கேயும் பேசியதில்லை. அதற்குப் பிறகு மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

இப்போது ஐப்பசியில் நாங்கள் ஊருக்குள் ஜீப்பை நிறுத்துவதில்லை. நேரே கொல்லை கொல்லையாகப் போகிறோம். குடிசையில் பிள்ளை பெற இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். வழியிலேயே பிறந்து பின்னால் அழுகைச் சத்தம் கேட்டால் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடுவேன், அவ்வளவுதான்.

போன மாதம் கணக்கெடுப்புக்கு எங்கள் தெருவுக்கு வந்தோம். நர்சம்மா என் வாசலில் நின்று என் மனைவியிடமும் கேட்டார்.

"ஐப்பசியில எங்கக்கா இருப்பீங்க?"

"வூட்டுலதான்."

"கொல்லைக்குக் காவலுக்குப் போவலியா?"

"பன்னி தின்னது போவ மீதி போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.