லஜியில் முடியும் மாடிகள்

டிவியிலோ பக்கத்து வீட்டுப் பேச்சிலோ 'லஜி' என்று முடிகிற ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிடும். அந்தச் சொல்லின் முன்பாதி என்னவென்று பிடிபட்ட பிறகுதான் கவளம் உள்ளே போகும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவருடைய கடைசி நாட்கள்வரை இந்தப் பழக்கம் மாறவில்லை.

"முழுங்கிட்டு யோசிங்க, ஆறிப்போகுது," என்பாள் அம்மா.

"வால் ஒண்ணுதான்டி. தலைதான் வேற வேற."

அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். மூலையில் ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் லொடலொடவென்று ஒரு சின்ன ஃபேன், எண்கள் தேய்ந்துபோன பொத்தான்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கும் மாடிக்கு ஒன்றாக இருந்த துறைகளின் பெயர்கள் வெறும் சத்தம்தான். ஒருநாள் தோல் அரிப்புக்கு வந்த ஒரு மனிதர் காலையிலிருந்து மத்தியானம்வரை நரம்பு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே இறங்கினார். சீட்டில் எழுதியிருந்தது அவருக்கும் புரியவில்லை, ஏற்றிவிட்ட அப்பாவுக்கும் புரியவில்லை. அதற்குப் பிறகு அப்பா லிஃப்டில் ஏறுகிற நர்ஸ்களை விடவில்லை. 'லஜி' என்றால் ஒன்றைப் பற்றிய படிப்பு என்று ஒரு நர்ஸ் சொன்னார். மிச்சத்தை அப்பா மாடி மாடியாகச் சேர்த்துக்கொண்டார். கார்டியாலஜி இருதயம், நியூராலஜி நரம்பு, நெஃப்ராலஜி சிறுநீரகம், டெர்மட்டாலஜி தோல். கதவு திறக்கும்போது பெயரையும் பொருளையும் சேர்த்துச் சொல்வார். "மூணு. நெஃப்ராலஜி. சிறுநீரகம். இறங்கலாம்." சிலர் சிரித்தார்கள். ஆனால் யாரும் மாடி மாறி இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். எனக்குக் கிடைத்தது சோசியாலஜி. கேட்டதும் அப்பாவின் கை வழக்கம்போல் நின்றது.

"தலை என்னம்மா இதுக்கு?"

"சமூகம்ப்பா. மனுஷங்க எப்படிச் சேர்ந்து வாழறாங்கன்னு படிக்கிறது."

"அதுக்கு எந்த மாடி?"

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். நான் பட்டம் வாங்கிய அன்றும் அப்பா அதையே கேட்டார்.

ஐந்தாம் மாடி ஆங்காலஜி. அங்கேதான் அப்பா மாட்டிக்கொண்டார். ஒருநாள் காலை ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் ஏறினார்கள். அவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். ஏதோ சின்னக் கட்டி, நாலு ஊசியில் கரைந்துவிடும் என்று வீட்டில் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கதவு திறந்தது.

"அஞ்சு. ஆங்காலஜி. கேன்சர். இறங்கலாம்."

யாரும் இறங்கவில்லை. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நமக்கு இந்த மாடியாண்ணே?"

அண்ணன் ஸ்டூல் பக்கம் பாய்ந்தான். அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். நெஞ்சுப் பாக்கெட் கிழிந்து தொங்கியது. அவள்தான் அவன் கையை விலக்கிவிட்டு முதலில் இறங்கினாள்.

புகார் போனது. ஆபீசர் அப்பாவைக் கூப்பிட்டார். "நீ லிஃப்ட் ஓட்ட வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா? ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு முடிவு சொல்றேன். அதுவரைக்கும் நம்பரை மட்டும் சொல்லு." வேலை போய்விடும் என்றே நினைத்தோம். அம்மா சமையல் சாமான்களை அளந்து எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தத் தையல்காரி தனியாக வந்தாள்.

"புகாரை வாபஸ் வாங்க வச்சுட்டேன். எங்கண்ணன் முன்கோபி, மனசுல ஒண்ணும் இல்ல. அந்தக் கிழிஞ்ச சட்டை எங்க?"

"வீட்டுல கிடக்கும்மா. விடுங்க."

"எப்படி விடறது? எங்க வீட்டு ஆள் கிழிச்சதை வேற டெய்லர் தெச்சா என் கைக்கு என்ன மரியாதை? கொண்டுவாங்க."

அப்பா சட்டையைக் கொடுத்தார். அதற்கடுத்த முறை அது பாக்கெட் தைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திரும்பி வந்தது. கூலி என்ன என்று அப்பா கேட்டார்.

"காசு வேணாம். ஒரு விஷயம் கேட்டுச் சொல்லுங்க. இந்த மாடிக்கு ஏறினவங்க நல்லாகி இறங்கினது உண்டா? வீட்டுல கேட்டா அழறாங்க. டாக்டர்கிட்ட கேட்டா பேப்பரைப் பாக்குறாரு. என்கிட்ட நேராச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"கேட்டுச் சொல்றேன்மா," என்றார் அப்பா.

முதலில் தனக்கே தெரிந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். எல்லாரும் அவர் லிஃப்டில்தானே ஏறி இறங்குகிறார்கள். தொப்பி போட்ட வாத்தியார், எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே வரும் புருஷன் பெண்டாட்டி, மீசையை மட்டும் இழந்துவிட்ட பஸ் டிரைவர் என்று ஒவ்வொரு முகமாக யோசித்தார். எல்லாரும் கொஞ்ச காலம் வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். "நல்லானவங்களும் வர்றதில்ல, போய்ச் சேர்ந்தவங்களும் வர்றதில்ல. லிஃப்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்று எங்களிடம் சொன்னார்.

ஐந்தாம் மாடி நர்ஸிடம் கேட்டார். "நிறையப் பேர் நல்லாகியிருக்காங்க அண்ணே. அந்தம்மாவுக்கு எப்படின்னு இப்பவே சொல்ல முடியாது," என்றார் அவர்.

"அதையே போய்ச் சொல்லியிருக்கலாமேப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை கேன்சர்னு பாதியை மட்டும் சொல்லித்தான் இவ்வளவு ஆச்சு. திரும்பவும் பாதியையே சொல்லச் சொல்றியா?"

அதனால் அவள் வரும்போதெல்லாம், "கேட்டுக்கிட்டிருக்கேன்மா," என்பார்.

"பரவாயில்ல. உங்க லிஃப்ட் மெதுவாத்தான் போகும்னு எனக்குத் தெரியும்," என்று சிரித்துக்கொண்டே இறங்குவாள். கடைசி இரண்டு மூன்று தடவை தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். அந்தத் துணியின் ஓரத்தைக்கூட மடித்து அழகாகத் தைத்திருந்தாள் என்று அப்பா சொன்னார். பிறகு அவளும் வரவில்லை.

கொஞ்ச நாளில் புது லிஃப்ட் வந்தது. அதில் பதிவு செய்த ஒரு குரல் மாடியின் எண்ணை மட்டும் சொல்கிறது. அப்பாவைப் பின்வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். கேட்டில் நின்றபடி, அளவு நாடாவோடு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். வேறு வழியாக அவளைத் தேட அவருக்குத் தெரியவில்லை. அவள் பெயரை அவர் கேட்டதே இல்லை. தெரிந்ததெல்லாம் 'டெய்லரம்மா'தான்.

போன வருஷம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம். டாக்டர் கார்டியாலஜி என்று ஆரம்பித்தபோது, "தெரியும் சார்," என்றாள் அம்மா.

அந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஒருமுறை போனேன். ஐந்தாம் மாடியில் இறங்கினேன். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் என்னவென்று விசாரிப்பது? மனிதர்களைப் பற்றி மூன்று வருஷம் படித்தவள் ஒரு தையல்காரியைக் கண்டுபிடிக்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

அப்பாவின் மற்ற சட்டைகளைக் கொடுத்துவிட்டோம். அந்த ஒன்றை மட்டும் அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள். காலர் நைந்துவிட்டது, கைமடிப்பு பிரிந்துவிட்டது. டெய்லரம்மா தைத்த பாக்கெட்டில் ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. அதற்கான கூலி இன்னும் பாக்கிதான்.